சி மொழியில் ஸ்டர்டாக் பிரித்தபின் மூல ஸ்டிரிங் ஏன் சிதைகிறது?

ஸ்டர்டாக் என்பது காற்புள்ளி போன்ற பிரிப்புக்குறி வரும் இடங்களில் ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துகளின் தொடரை, துண்டாக்கும் ஃபங்ஷன் (strtok). சி மொழி ஸ்டிரிங்கின் நீளத்தைக் குறித்து வைப்பதில்லை. சுழிய பைட் வந்தால் அதுவே முடிவு. ஸ்டர்டாக் புதிய நினைவகம் கேட்காமல், காற்புள்ளியை அழித்து அங்கேயே சுழியத்தை எழுதிவிடுகிறது. சிக்கனம்தான், முரட்டுச் சிக்கனம். பூச்சரத்தை முழம் போட்டு நறுக்கியது போல, தலைப்பைப் பிடித்துத் தூக்கினால் முதல் துண்டு மட்டுமே வரும். "பால்,தயிர்,மோர்" என்பதைப் பிரித்தபின் அச்சிட்டால் "பால்" மட்டுமே கிடைக்கும். அடுத்தடுத்த காற்புள்ளிகளை இது ஒன்றாகவே எண்ணும் என்பதால் இடையிலுள்ள வெற்று மதிப்பும் தொலையும். மூலம் வேண்டுமென்றால் முன்பே நகலெடுங்கள்.

துண்டுகள் தனித்தனி நகல்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை மூல ஸ்டிரிங்குக்குள் சுட்டும் முகவரிகளே, அவற்றின் நினைவகத்தை ஒவ்வொன்றாக விடுவிக்கக் கூடாது.