பெட்டிக்குள்ளேயே வயதாகும் ஷூ

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கோத்தகிரிப் பக்கம் மலையேறப் போவேன். தீபாவளித் தள்ளுபடியில் 4,800 ரூபாய் கொடுத்து ட்ரெக்கிங் ஷூ எடுத்தேன். மூன்றாவது தடவை போட்டபோது, இறக்கத்தில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து மேல்தோல் மட்டும் காலோடு நின்றது. கடையில் கேட்டால், "தள்ளுபடியில எடுத்ததுங்க, பில்லைப் பாருங்க" என்கிறார்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதுங்களா?
– வாசகர், வடவள்ளி, கோவை

பதில்: தாராளமாக முடியும். நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று போய் நின்றால் மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரர் இஷ்டம். பொருளிலேயே குறை என்றால் பில்லில் இருக்கும் அந்த வாசகம் செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 30 நாள் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தள்ளுபடியில் எடுத்தீர்கள் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது.

உங்கள் ஷூவுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல மலையேற்ற ஷூக்களில் தோலுக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை வைக்கிறார்கள். மெத்தென்று இருக்கும், எடையும் தாங்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். குடோனில் வருடக்கணக்கில் கிடந்த ஜோடி வெளியே புத்தம் புதுசாக மின்னும். இறக்கத்தில் முழு எடையும் விழுந்ததும் பொரை பிஸ்கட் போல நொறுங்கும். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் வழக்கம் உண்டு என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

பெட்டி இருக்கிறதா? பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில், எம்.ஆர்.பி.க்கு அருகிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அது நாலைந்து வருடம் பின்னால் இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. சீட்டு, பில், உதிர்ந்த அடி மூன்றையும் படம் எடுங்கள். உதிர்ந்த தூளைக்கூடக் கொட்டிவிடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கடைக்கும் தயாரித்த கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், நாளைக்கு ஆணையத்தில் காட்ட எழுத்துதான் உதவும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம்.

அடுத்த ஜோடி எடுக்கும்போது சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் மலையில் இருக்கப்போகும் அளவு. மலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே போட்டுக்கொண்டு, கடைப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். விரல் முனை இடித்தால் அந்த அளவு வேண்டாம்.

கேள்வி: பெரிய கடையில் மலையேற்ற டி-ஷர்ட் 1,500 ரூபாய். காதர்பேட்டையில் 200 ரூபாய்க்கு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று அதே மாதிரி கிடைக்கிறது. எதை எடுக்கலாமுங்க?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஊரிலேயே பனியன் கம்பெனிகளை வைத்துக்கொண்டு 1,500 கொடுக்காதீர்கள். ஆனால் நெஞ்சில் இருக்கும் லோகோவைப் பார்த்து எடுக்க வேண்டாம், டூப்ளிகேட் நிறையப் புழங்குகிறது. உள்பக்கத் தையலில் சலவைக் குறிப்புத் துணி இருக்கும். அதில் பாலியஸ்டர் என்று இருந்தால் எடுக்கலாம். நூறு சதவீதம் காட்டன் என்றால் மலைக்கு வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும், மேலே போய்க் குளிர்காற்று பட்டதும் நடுக்கம் எடுக்கும். குறிப்பை வெட்டியிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரந்து விரிந்து, சீக்கிரம் காய்ந்தும் விட்டால் எடுக்கலாம். முத்தாக நின்றால் வைத்துவிடுங்கள். அக்குள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள், சர்ப்ளஸில் தையல் விட்டதும் கலந்து வரும். சாயம் போனால் 200 ரூபாயோடு போகிறது, முதலில் தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: வயது 52. காலையில் காளிங்கராயன் வாய்க்கால் கரையோரம் சைக்கிள் ஓட்ட ஆசை. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர் உள்ளதை எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவையில்லை. குறைந்த விலை சைக்கிளில் வரும் ஷாக் வெறும் ஸ்பிரிங்தான். எடை கூடும், நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கையும் அது விழுங்கும். சமதளத்துக்குக் கொஞ்சம் அகலமான டயரும் ஏழெட்டு கியரும் போதும். வாங்கும் முன் நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள்; கம்பி உடம்பில் இடிக்கக் கூடாது. சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அந்த வரியைப் பாருங்கள். புது கேபிள் சில வாரத்தில் தளரும், கியர் தானாகத் தாவும். அதைச் சரிசெய்யும் முதல் சர்வீஸ் இலவசம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.