வாசகர் கேள்வி: காந்த நினைவகத்தில் எழுத ஏன் இவ்வளவு மின்சாரம்?

கேள்வி: கரண்ட் போனாலும் எம்ராம் நினைவகத்தில் தகவல் அழியாதாம். ஆனால் எழுதும்போது நிறைய மின்சாரம் இழுக்கும் என்று எங்கள் சார் சொன்னார். அதைக் குறைக்க வழி உண்டா, மேடம்?
- எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ மாணவர், அல்சூர், பெங்களூரு

பதில்: உண்டு தம்பி. முப்பது வருடம் காந்தப் படலங்களோடு வேலை பார்த்தவள் நான். இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது.

உங்கள் சார் சொன்னது சரிதான். எம்ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் காந்தம். அதன் திசை மேலே இருந்தால் 0, கீழே இருந்தால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தகவல் நிற்க வேண்டுமென்றால் அந்தத் திசை லேசில் புரளக் கூடாது. அதனால்தான் எழுதும்போது அதைப் புரட்டுவதும் கஷ்டம். 1996-இல் இயற்பியலாளர்கள் ஸ்லான்செவ்ஸ்கியும் பெர்ஜரும் தனித்தனியாக ஒரு வழி சொன்னார்கள்: எலக்ட்ரான்களின் ஸ்பின்னை (ஒவ்வொரு எலக்ட்ரானையும் நுண்காந்தம் போல ஆக்கும் குணம்) ஒரே பக்கம் திருப்பி, காந்தத்துக்குள் பாய்ச்சினால் அதுவே புரளும். இன்று கடைக்கு வரும் பல எம்ராம்கள் இப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். அத்தனையும் பிட்டுக்குள் இருக்கும், ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலம் (மின்சாரத்தைத் தடுக்கும் அடுக்கு) வழியாகவே போகிறது. சூடும் தேய்மானமும் அங்கேதான்.

தாழ்ப்பாளை எடுக்காமல் கதவைத் தோளால் முட்டுவது போன்றது இது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டால்? 2009-இல் ஒசாகா பல்கலைக்கழகக் குழு, சில அணு அடுக்கே உள்ள இரும்புப் படலத்தில் வெறும் வோல்டேஜ் கொடுத்து அதன் காந்தப் பிடிப்பை மாற்றிக் காட்டியது. பிடிப்பு தளர்ந்தால் காந்தம் எளிதில் புரளும். மின்னோட்டம் ஏறக்குறைய வேண்டாம். 2016-இல் ஒரு பிட்டுக்கு 6 ஃபெம்டோ ஜூலில் (மிக மிகச் சிறிய ஆற்றல் அளவு) எழுதியிருக்கிறார்கள். பழைய முறைக்கு நூறு ஃபெம்டோ ஜூல் அளவில் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், வோல்டேஜ் தாழ்ப்பாளை எடுக்கும், எந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லாது. வோல்டேஜ் துடிப்பை ஒரு நானோ நொடிக்கும் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவாக, மிகச் சரியாக நிறுத்த வேண்டும். கொஞ்சம் நீண்டால் காந்தம் மறுபடி பழைய பக்கமே வந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் எத்தனையோ இரவுகள் இதில் போயின.

என் நம்பிக்கை வேறொரு கூட்டணி மேல். டான்டலம், டங்ஸ்டன் போன்ற கன உலோகப் பட்டையில் மின்னோட்டம் விட்டால், மேலே உள்ள காந்தம் ஸ்பின்னால் தள்ளப்படும். காப்புப் படலத்துக்குச் சேதமில்லை. ஒரே பட்டையில் எட்டுப் பிட்களை வரிசையாக அடுக்கி, எதைப் புரட்ட வேண்டுமோ அதற்கு மட்டும் வோல்டேஜ் கொடுத்துத் தளர்த்தலாம். அப்புறம் ஒரே மின்னோட்டத்தில் அந்தப் பிட் மட்டும் திரும்பும், பக்கத்துப் பிட்கள் அசையாது.