ஆமைச் செய்திகள் – ஒரு கடிதம்

வணக்கம்.

ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. பிப்ரவரியில் ஒடிசாவின் ருஷிகுல்யாவில் சுமார் 7 லட்சம் ஆமைகள் முட்டையிட வந்ததாகச் செய்தி. இப்போது தினமும் நம் பொரிப்பகங்களில் குஞ்சுகளைக் கடலில் விடும் படங்கள். வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா? மொத்தத்தில் ஆமைகளுக்கு இது நல்ல ஆண்டா, கெட்ட ஆண்டா?

கே., சென்னை (மார்ச் 2025)

அன்புள்ள கே.,

இரண்டும் படலாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடாதீர்கள். செத்து ஒதுங்கியவை பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள், விடப்படுபவை குஞ்சுகள். ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஒரு குழியில் 100 முதல் 120 முட்டை இருக்கும். முக்கால்வாசி பொரிந்தால்கூட ஒரு வளர்ந்த ஆமையை ஈடுகட்டப் பன்னிரண்டு குழி வேண்டும். அந்தக் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஆயிரம் ஆமைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதிலும் கரைக்கு வந்தவை மட்டுமே கணக்கில் வருகின்றன. கடலிலேயே மூழ்கியவற்றை யாரும் எண்ணுவதில்லை.

ருஷிகுல்யா செய்தி உண்மையிலேயே மகிழ வேண்டியது. ஆனால் அங்கே சில ஆண்டுகள் கூட்டமாக முட்டையிடுவதே நடக்காமல் போவதுண்டு. ஓர் ஆண்டின் உச்சத்தை வைத்து ஆமை பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது. அது வேறு ஊர் ஆமை என்றும் ஒதுக்க முடியாது; ஒடிசாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டவை இலங்கைக் கடல்வரை வந்திருக்கின்றன.

சாவுக்குக் காரணம் பெரும்பாலும் இழுவலை. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவலையை இரண்டு மூன்று மணி நேரம் கடலடியில் இழுத்துவிட்டுத்தான் தூக்குகிறார்கள். வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடியில் சிக்கித் திமிறும் ஆமை அவ்வளவு நேரம் தாங்காது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தால் மூச்சடைத்துச் செத்ததாகத்தான் சந்தேகிக்க வேண்டும்; உறுதிப்படுத்தப் பிரேதப் பரிசோதனை தேவை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவலை கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. இணை சேரவும் முட்டையிடவும் ஆமை வந்து காத்திருப்பது அந்தப் பட்டையில்தான். இறாலும் அங்கேதான் கிடைக்கும், படகுகளும் அங்கேயே வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருக்கிறதே என்பார்கள். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. முட்டையிடும் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது ஆமையின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும்.

வலையிலேயே ஒரு வழி உண்டு. மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைப்பார்கள். இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குப் போகும். ஆமை சட்டத்தில் முட்டிச் சரிந்து, அங்குள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சோதனைகளில் இறால் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மற்ற மீன் இழப்பு சுமார் மூன்று சதவீதம். இருந்தும் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். கம்பியில் குப்பையோ பெரிய திருக்கையோ அடைத்துக்கொண்டால் அந்த இழுப்பில் கிடைத்த மீனெல்லாம் திறப்பு வழியே போய்விடும் என்பது அவர்கள் பயம். அது வெறும் சாக்கு இல்லை. சட்டத்தைச் சரியான சாய்வில், சுமார் 45 பாகையில், கட்டினால் அடைப்பு குறையும். நிமிர்த்திக் கட்டினால் ஆமையே சிக்கிக்கொள்ளும். இந்தக் கருவி இல்லாத காரணத்தால்தான் 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்க மறுக்கிறது. கெட்ட செய்திதான், ஆனால் ஆமைக்கு அதைவிட நல்ல நெருக்கடி வேறில்லை என்பேன்.

குஞ்சு விடும் படங்களைப் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கவனியுங்கள். மணலைவிட்டு வெளிவந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் இடைவிடாமல் நீந்தி ஆழ்கடல் சேரும் வேகம் இருக்கும். விருந்தினர் வரும்வரை கூடையில் வைத்திருந்து ஒன்பது மணி வெயிலில் விட்டால் அந்த வேகம் கூடையிலேயே தீர்ந்துவிடும். காக்கைக்கும் பருந்துக்கும் பந்தி போட்டதாகவும் ஆகும். இரவிலோ விடியுமுன்போ விட்டிருந்தால்தான் நல்ல செய்தி. மணலின் சூட்டையும் விசாரிக்கலாம்: 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சே அதிகம் பொரியும், 35-ஐத் தாண்டினால் கரு செத்துவிடும். பிந்தி இட்ட குழிகளுக்கு மேலே நிழற்பந்தல் போடுவது இதற்காகத்தான்.

கரையில் செத்த ஆமையைக் கண்டால் இடம், தேதி, படம் மூன்றையும் வனத்துறைக்கு அனுப்புங்கள். ஓட்டில் பெயிண்ட் குறி இருந்தால் ஏற்கெனவே எண்ணியாயிற்று. மீனவ நண்பர்கள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: வலையில் அசையாமல் வரும் ஆமை செத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மல்லாக்கப் போடக் கூடாது, மார்பை அமுக்கக் கூடாது. குப்புறக் கிடத்தி, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். மூக்கை மூடிவிடக் கூடாது. தெளிய நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு முழு நாளும் ஆகலாம். தெளிந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிடச் சொல்லுங்கள்.