சொல்லாமல் பக்கத்து நாட்டுக்குப் போகலாமா?
பரிமாற்றப் படிப்புக்குப் போன இடத்திலிருந்து, வார இறுதியில் பல்கலைக்கழகத்திடம் சொல்லாமல் பக்கத்து நாட்டுக்குப் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் விசாவைப் பாருங்கள்: ஒருமுறை நுழைவுக்கானது என்றால் திரும்பி வரவே முடியாமல் போகலாம்! அடுத்தது காப்பீடு. பல பல்கலைக்கழகங்களின் காப்பீடு, பல்கலைக்கழகத்திடம் முன்பே பதிவு செய்த பயணத்துக்கு மட்டுமே செல்லும். மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியைச் சிகிச்சைக்காக வேறு இடத்துக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுசெல்வது, சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியிலேயே படித்துப் பாருங்கள். நோயாளியைப் படுத்த நிலையில் விமானத்தில் கொண்டுவரும் செலவைச் சாதாரணக் குடும்பம் தாங்காது. வாடகை மோட்டார் சைக்கிள் விபத்தையும் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. நிலநடுக்கமோ கலவரமோ வந்தால், பல்கலைக்கழகம் உங்களைத் தேடத் தொடங்குவது அந்தப் பதிவிலிருந்துதான். இன்றே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தேதி, தங்குமிடம், தொலைபேசி எண் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.