சந்தைச் சேவல் வந்த பிறகு கோழிகளுக்குச் சளி: மருந்து மட்டும் போதுமா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் கிராமம். கொல்லையில் 18 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அடை வைக்க முட்டையும் வளர்க்கக் குஞ்சும் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வாங்குவார்கள். போன மாதம் பொய்கைச் சந்தையில் ஒரு சேவலும் 2 பெட்டையும் வாங்கி வந்து மற்றவற்றோடு விட்டேன். இரண்டு வாரம் ஆவதற்குள் சேவல் தும்ம ஆரம்பித்தது. இப்போது ஏழெட்டுக் கோழிக்குக் கண்ணில் நுரை கட்டுகிறது, இரண்டுக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம். ராத்திரி கூண்டருகே போனால் கொர் கொர் என்று சத்தம். இரை எடுக்கின்றன, எச்சம் வழக்கம்போலத்தான். முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு விடைக்கோழி செத்துப்போனது. டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்து இரையில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? கழிச்சல் ஊசி போட்டால் நிற்குமா? முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: அம்மா, இன்று மாலை கோழிகள் அடைவதற்கு முன்பே, தும்முகிற, கண் வீங்கிய கோழிகளைப் பிரித்து வேறு இடத்தில் அடையுங்கள். தண்ணீர்ச் சட்டி, இரைத்தட்டு இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். முதலில் நல்ல கோழிகளுக்கு இரை போட்டுவிட்டு, அதன் பிறகு சீக்குக் கோழிகளிடம் போங்கள். திரும்பும்போது கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மற்றவற்றுக்கும் தொற்று ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் ஒரே சட்டியில் மூக்கை நனைப்பதை நிறுத்தினாலே பரவும் வேகம் குறையும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது வெள்ளைக்கழிச்சலாகத் தெரியவில்லை. கழிச்சலிலும் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஆனால் அதில் இரை எடுக்காது, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், இறக்கை தொங்கும், நாலைந்து நாளில் கூண்டே காலியாகும். உங்கள் கோழிகள் இரை எடுக்கின்றன, சாவு ஒன்றோடு நிற்கிறது, கண்ணில் நுரை, இரவில் கொர் கொர் சத்தம். இது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோயாகத்தான் தெரிகிறது. மருந்துக் கடையில் சி.ஆர்.டி. என்பார்கள். வீங்கிய கோழியின் மூக்கருகே முகர்ந்து பாருங்கள். சளி கெட்டியாக, குமட்டுகிற நாற்றத்தோடு இருந்தால் கொரைசா என்கிற சளி நோயும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக வருவது சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று பல கோழிகள் ஒரே நாளில் செத்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தாலோ, எதையும் அறுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கேப்சூல் விஷயத்துக்கு வருகிறேன். போடாதீர்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்து இந்த நோய்க்குக் கேட்கும் என்பது உண்மைதான், அதனால்தான் அந்தப் பழக்கம் ஊரில் நிலைத்திருக்கிறது. ஆனால் இரையில் தூவினால், நன்றாகத் தின்கிற கோழி அதிகம் தின்றுவிடும், சீக்குக் கோழிக்கு ஒன்றும் போய்ச் சேராது. அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது. சீக்குக் கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மருத்துவர் பார்த்து டைலோசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்தில் ஒன்றைக் கோழியின் எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார்.

மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொன்னால், அந்த நாட்களில் கோழிகளைக் கட்டாயம் அடைத்து வையுங்கள். கொல்லைக் கோழிக்கு மருந்து பலிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான். மாட்டுத் தொட்டியிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் வயிறு நிறையக் குடித்துவிட்டு வரும் கோழி, கசக்கிற மருந்துத் தண்ணீரை ஏன் தொடப்போகிறது? தினமும் புதிதாகக் கலக்குங்கள். சத்தம் நின்றுவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தாதீர்கள்; மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் அந்த நாட்களில் கிளிஞ்சல், சுண்ணாம்புத்தூள் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் சேரவிடாது. கண்ணை, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, பஞ்சால் துடையுங்கள். தூதுவளையும் கற்பூரவள்ளியும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து இருமலை அடக்கும்; கிருமியைக் கூண்டைவிட்டு விரட்டாது. குணமான கோழி பார்க்க மினுமினுப்பாக இருக்கும், முட்டையிடும், ஆனால் கிருமியை ஆயுள் முழுக்கச் சுமக்கும். மழை, குளிர், பயணம், இரை மாற்றம் என்று உடம்பு சற்றுத் தளர்ந்தால் மறுபடி தும்மும், பக்கத்தில் நிற்கிற கோழிக்கும் கொடுக்கும். உங்கள் சேவலும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். சந்தையில் நோயே தெரிந்திருக்காது. வண்டியில் வந்த அலுப்பும் புது இடமும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்துவிட்டன. மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். ஆகவே இந்தக் கோழிகளின் முட்டையை அடை வைக்காதீர்கள், அடை வைக்க யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் முன் இரண்டு வழி இருக்கிறது. குணமாக்கி, வீட்டு முட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அப்படியானால் வெளியிலிருந்து ஒரு கோழியும் உள்ளே வரக்கூடாது, இங்கிருந்து உயிரோடு ஒன்றும் வெளியே போகவும் கூடாது. அல்லது மருந்தை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் நாட்கள் கழிந்த பிறகு கறிக்குப் போட்டு, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. உங்களிடம் குஞ்சு வாங்கி வளர்க்கிறவர்கள் இருப்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனால் இந்தக் கிருமிகள் கோழி உடம்புக்கு வெளியே நெடுநாள் தாங்காதவை. கூண்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நம் வேலூர் வெயிலில் மூன்று வாரம் காலியாகக் காயவிட்டால் சுத்தமான கூண்டு கிடைக்கும். எது செய்தாலும் அந்தச் சேவலை மறுபடி சந்தைக்கு ஓட்டாதீர்கள். வாங்கிப்போகிறவர் வீட்டிலும் உங்களைப் போல ஒருவர் கோழி வளர்க்கிறார்.

முட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் முட்டையும் கறியும் வேண்டாம். அதன் பிறகு நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். செத்த கோழியைக் கறிக்கு எடுக்காமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கூண்டையும் பாருங்கள். மார்கழிப் பனிக்குப் பயந்து பலர் சாக்கு போட்டு நாலு பக்கமும் மூடிவிடுகிறார்கள். விடியற்காலையில் கூண்டைத் திறந்து, கோழி நிற்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், இரவு முழுக்க கோழி அதைத்தான் சுவாசித்திருக்கிறது. எச்சத்தின் நெடி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும், கிருமிக்கு அது போதும். மேலே ஒரு சாண் காற்றுப் போக்கு விட்டு, காற்று நேராகக் கோழிமேல் அடிக்காதபடி கீழே மட்டும் மூடுங்கள். தரையில் வேர்க்கடலைத் தோல் பரப்புகிறவர்கள் பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது. அந்தப் பூசணமே குஞ்சுகளின் நுரையீரலில் இறங்கி மூச்சுத் திணறலைக் கொடுக்கும்.

கழிச்சல் ஊசி இந்தச் சளியை நிறுத்தாது. இருமுகிற கோழிக்கு இப்போது போட்டால் சளி முற்றத்தான் செய்யும். புதுக் குஞ்சுகள் வந்த பிறகு தவறாமல் போடுங்கள்: 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்கிற கழிச்சல் தடுப்பு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி. ஊசி மருந்து நம் இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. ஒரு குப்பியைத் திறந்தால் நிறையக் கோழிக்குப் போடலாம், மிச்சத்தை வைக்க முடியாது. அதனால் தெருவில் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போடுவதே நல்லது. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். புதுக்கோழி வாங்கினால் கொல்லையின் மறுகோடியில் 30 நாள் தனியே வைத்துப் பார்த்து, தும்மல் ஒன்றுகூட இல்லையென்றால் மட்டும் மற்றவற்றோடு சேருங்கள்.