பி.ஆர்க் (கட்டடக்கலைப் படிப்பு) முதலாண்டு: ஆள் வரைந்தால் பொம்மை மாதிரி நிற்கிறது, அட்டையில் கனசதுரம் செய்தால் மூலை சேரவில்லை. மதுரையில் இருந்தபடி எப்படிப் பழகுவது?

வகுப்பு வகுப்பாகச் சேர்ந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் பொம்மையாக நிற்பதற்குக் காரணம், உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்க்காமல் முகத்தில் தொடங்குவது. மூலை சேராததற்குக் காரணம், அட்டையின் தடிமனைக் கழிக்காமல் வெட்டுவது.

முதலில் உருவம். ஏ3 நியூஸ்பிரிண்ட், 4பி, 6பி பென்சில், கிளிப் வைத்த ஒரு பலகை போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தினமும் அரைமணி நேரம்: 30 விநாடிப் படங்கள் 10, 2 நிமிடப் படங்கள் 5, கடைசியாக 15 நிமிடத்தில் ஒன்று. 30 விநாடியில் கண்ணும் மூக்கும் வராது, வரவும் கூடாது. கழுத்துக் குழியிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு, தோளின் சரிவுக்கு ஒன்று, இடுப்பின் சரிவுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒருவர் ஒரு காலில் எடை போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது எடை தாங்கும் பாதத்தின் உள் கணுக்காலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். உங்கள் படத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள், விழவில்லை என்றால் ஆள் சாய்ந்து விழப்போகிறார் என்று அர்த்தம்.

மாடலுக்கு ஆள் தேட வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக்கட்டுபவர்கள் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள், 15 நிமிடப் படத்துக்கு அதுதான் இடம். மூட்டை தூக்குபவர்கள் 30 விநாடிப் படத்துக்கு: தலையில் சுமை ஏறியதும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிடும், அது கண்ணுக்கே தெரியும். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்களை முதுகுப் பக்கமிருந்து வரையுங்கள். முன்னால் போய் நின்றால் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள், இயல்பு போய்விடும்.

அளவுக்கு: நிற்கும் ஆள் ஏறத்தாழ 7½ தலை உயரம், பாதி உயரம் வயிற்றில் வராது, தொடைகள் பிரியும் இடத்தில் வரும். சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 4 தலை. பென்சிலை நீட்டி அளக்கும்போது முழங்கை முழுக்க நீண்டிருக்க வேண்டும், ஒரு கண்ணை மூட வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அடுத்த அளவு பொய்யாகிவிடும்.

மதுரைப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கோயில் தூண் சிற்பங்களைப் பார்த்து வரைந்து பழகிய கை, பஸ் ஸ்டாண்டில் நிற்பவரையும் நெட்டையாக்கிவிடும். சிற்ப சாஸ்திரத்தின் அளவுகோல் தாளம், அதாவது முகத்தின் நீளம், 12 அங்குலம். பெரிய தெய்வ உருவங்களுக்கு உத்தம தசதாளம், மொத்த உயரம் 124 அங்குலம், பத்துத் தாளத்துக்கும் சற்று அதிகம். (இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் இன்ச் இல்லை.) அது கண்டபடி போட்ட அளவல்ல, வேறொரு கணக்கு. சிற்பத்தைத் தனி நோட்டில் வரையுங்கள், உயிருள்ள ஆளைத் தனி நோட்டில்.

கட்டடப் படத்தில் ஆட்களை வைப்பதற்கு நாயக்கர் மகால் முற்றம் நல்ல பயிற்சி. சமதரையில் நின்றபடி வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் ஒரே கிடைக்கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். தூரம் போகப் போகப் பாதம்தான் மேலே ஏறும். தூரத்து ஆளின் தலையைக் கீழே இறக்கினால் அவர் பள்ளத்தில் நிற்கிறார், அல்லது குழந்தை.

இனி அட்டை மாடல். 9 மி.மீ பிளேடு கட்டர், 30 செ.மீ ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், மூலைமட்டம். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் சீவிவிடும், பிறகு நேர்க்கோடே வராது. ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள், கை தவறினால் வெட்டு கழிவுப் பக்கம் போகட்டும். 2 மி.மீ மவுண்ட் போர்டை ஒரே இழுப்பில் அறுக்க முயன்றால் பிளேடு சாயும், ஓரம் சரிவாகும். முதல் இழுப்பு தடம் போட மட்டும், பிறகு மூன்று நான்கு இழுப்பு. ஓரம் பிசிறடிக்கத் தொடங்கியதும் பிளேடு நுனியை உடைத்துவிடுங்கள். பிளேடில் கஞ்சத்தனம் பார்த்து அட்டையை வீணாக்குவதில் லாபமில்லை.

100 மி.மீ கனசதுரத்துக்கு ஆறு துண்டும் 100 × 100 என்று வெட்டினால் உயரமும் ஆழமும் 104 ஆகும், மூடி 4 மி.மீ குறைந்து பல்லிளிக்கும். 2 மி.மீ அட்டைக்குச் சரியான கணக்கு: மேலும் கீழும் 100 × 100 இரண்டு, முன்னும் பின்னும் 100 × 96 இரண்டு, பக்கங்களுக்கு 96 × 96 இரண்டு. கடையில் 2 மி.மீ என்று கொடுத்ததை நம்பாமல் பத்துத் துண்டை அடுக்கி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மடித்துச் செய்பவற்றுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி கார்டு. மை தீர்ந்த பால்பென்னால் மடிப்புக் கோட்டை அழுத்தி இழுங்கள். ஒட்டும் காது 7 மி.மீ, இரு முனையும் சரிவாக வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒன்றோடொன்று முட்டும். கூம்பில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்: உயரத்தையே விரிப்பின் (கூம்பாகச் சுருட்ட வெட்டும் வட்டத்துண்டின்) ஆரமாக எடுப்பது. அடி ஆரம் 30, உயரம் 40 என்றால் சாய்வு நீளம் 50; கோணம் 360 × 30 ÷ 50 = 216°. ஆரத்தை 40 என்று எடுத்து அடியை மட்டும் பொருத்தினால் கூம்பு 26.5 மி.மீ உயரத்தில் சப்பையாக உட்காரும்.

ஸ்டூடியோ வகுப்பில் கேட்காவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்: 60 மி.மீ கனசதுரத்தை ஒரே மாதிரியான மூன்று பிரமிடுகளாக உடைப்பது. ஒவ்வொன்றுக்கும் 60 பக்கச் சதுரம் ஒன்று, 60–60–84.9 முக்கோணம் இரண்டு, 60–84.9–103.9 முக்கோணம் இரண்டு. மூன்றும் இடைவெளியில்லாமல் சேர்ந்து கனசதுரமானால் உங்கள் வெட்டு சரி. பிரமிடின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பதும் கையில் இருக்கும்.

விலா வைத்து, அதாவது அட்டை வட்டுகளை இரு திசையில் குறுக்காகக் கோர்த்துச் செய்யும் உருண்டையில், 120 மி.மீ விட்டத்துக்கு நடுவிலிருந்து 20 மி.மீ தள்ளிய வட்டின் ஆரம் 56.6, 40 தள்ளினால் 44.7. இரு திசை வட்டுகளிலும் வெட்டுப் பள்ளம் சரியாக நடுக்கோடு வரை, அகலம் அட்டையின் தடிமன். ஒரு திசைக்கு மேலிருந்து, மறு திசைக்குக் கீழிருந்து. இரண்டையும் மேலிருந்தே வெட்டிவிட்டால் பாதி வட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள், முழு வட்டு என்பதால் தப்பித்தீர்கள்; அரைக்கோளத்தில் இந்தச் சலுகை கிடையாது.

ஃபெவிகாலைக் கார்டு துண்டால் மெல்லிசாகத் தடவுங்கள். அதிகமானால் அதிலிருக்கும் தண்ணீர் ஒரு பக்கத்தை ஊற வைத்து அட்டையை வளைக்கும்; காயும்வரை மேலே கனமான புத்தகம் வையுங்கள். ஃபெவிகுவிக் கறுப்பு அட்டையில் வெள்ளை பூத்துவிடும், தெர்மாகோலை அரித்துவிடும். ஜூரி நாளில் (மாடலை மதிப்பிடும் நாளில்) டவுன் பஸ்ஸில் ஏறுவதானால் மாடலை விட எல்லாப் பக்கமும் 2 செ.மீ பெரிய அட்டைப்பெட்டி எடுத்து, பேஸை டபுள் சைட் டேப்பால் பெட்டியின் அடியில் ஒட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.