சோர்னோவில்: ஒரு மாகாணத்து ஆளா?

அன்புள்ள ஐயா,

உக்ரைன் கட்டுரையில் வியாச்செஸ்லாவ் சோர்னோவிலைப் பெரிய தலைவர் என்று எழுதியிருந்தீர்கள். அதிபர் தேர்தலில் தோற்றவர், கடைசியில் கட்சியும் உடைந்தது. ஒரு மாகாணத்தில் மட்டும் செல்வாக்கு இருந்தவரை இவ்வளவு தூக்கிப்பிடிக்க வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தோற்றதும் உண்மை, கட்சி உடைந்ததும் உண்மை. 1991 டிசம்பர் 1 அன்று உக்ரைன் மக்கள் இரண்டு வாக்குப் போட்டார்கள். சுதந்திரத்துக்கு 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. அதிபர் பதவிக்கோ லியோனிட் கிராவ்சுக் 61 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், சோர்னோவிலுக்கு 23தான். கிராவ்சுக் அதற்குச் சற்று முன்புவரை கம்யூனிஸ்ட் கட்சியின் சித்தாந்தப் பொறுப்பில் இருந்தவர். ஜனங்கள் சோர்னோவில் விற்ற சுதந்திரம் என்ற சரக்கை வாங்கிக்கொண்டு கடைக்காரரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

சோர்னோவில் முந்தியது மேற்கு உக்ரைனில் உள்ள கலீசியா வட்டாரத்தின் மூன்று மாகாணங்களில்: லிவீவ், தெர்னோப்பில், இவானோ-பிராங்கிவ்ஸ்க். ஆனால் அங்கே நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

1966இல் லிவீவில் அறிவுஜீவிகள் சிலர்மீது மூடிய கதவுக்குள் வழக்கு நடந்தது. பத்திரிகையாளரான சோர்னோவிலைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ரகசிய விசாரணை சட்டவிரோதம், சொல்ல மாட்டேன் என்றார். அதற்கே தண்டனை. தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆவணங்களைத் தொகுத்தார், 1967இல் சிறை. பிறகு 1972இல், 1980இல் மறுபடியும் கைது. ரஷ்யாவின் மோர்தோவியாவில் கைதி முகாம், தூரத்து யாகூத்தியா என்று வருஷங்கள் போயின. அதே லிவீவில் 1990 ஏப்ரலில் மாகாண மன்றத்தின் தலைவராக உட்கார்ந்தார். நாடாளுமன்றத்துக்கும் அந்த ஆண்டே தேர்வானார்.

அப்போது சோவியத் யூனியன் இருக்கிறது, அதன் ரகசியப் போலீஸான கேஜிபி இருக்கிறது. செப்டம்பரில் லிவீவின் லெனின் சிலை இறங்கியது. 1991 மார்ச்சில் யூனியனைக் காப்பாற்ற சோவியத் அதிபர் கோர்பச்சோவ் வாக்கெடுப்பு நடத்தியபோது, இந்த மூன்று மாகாணங்களும் தங்கள் பங்குக்குச் சுதந்திரம் வேண்டுமா என்ற கேள்வியையும் சேர்த்தன. வேண்டும் என்ற பதிலே அமோகமாக வந்தது. நாடு முழுக்க டிசம்பரில் கேட்ட கேள்வியை இவர்கள் ஒன்பது மாதம் முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். அதனால்தான் பெரிய தலைவர் என்றேன்.

கட்சி நடத்துவதில் கெட்டிக்காரர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிராவ்சுக்கோடு ஒத்துப்போகலாம் என்று தோழர்கள் பலர் நினைத்தபோது இவர் எதிர்க்கட்சியாகவே நின்றார். அது சரிதான் என்பது என் கருத்து. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய ருக் கட்சி 9.4 சதவீதத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த பிப்ரவரியில் பிளவு. மார்ச் 25 அன்று, தலைநகர் கீவுக்குப் பக்கத்திலுள்ள போரிஸ்பில் அருகே கார் லாரியில் மோதி இறந்தார். கொலை என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 1990 தேர்தல் அறிக்கையில் அவர் உக்ரைனை நிலப்பகுதிகளின் கூட்டாட்சியாகக் கற்பனை செய்திருந்தார். மாகாணத்து ஆள் என்ற பட்டத்துக்கு அவரே வெட்கப்பட்டிருக்க மாட்டார். இப்போது அங்கே கூட்டாட்சி என்றாலே மாஸ்கோவின் திட்டமாகத்தான் காதில் விழுகிறது. அதனால் அவருடைய அபிமானிகளே இதை அதிகம் பேசுவதில்லை.